வளவுக்குள் வாசிக்க ஒரு கிட்டார்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் மணிவிழா. காலையில் சடங்குகள் முடிந்து, மதிய விருந்தும் ஆகி, மாலையில் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், எங்கள் மெல்லிசை. ஆறு பேர் கொண்ட செட்: இரண்டு பாடகர்கள், கீபோர்டு, தபலா, ரிதம் பேடு, கிட்டாருக்கு நான். முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது பாட்டு தொடங்குவதே என் கிட்டாரில்தான். ஜி மேஜர் கார்டு பிடித்து ஆறு தந்திகளையும் ஒரு தட்டு தட்டினேன். 'பூம்ம்' என்று ஒரு சத்தம் அடியிலிருந்து கிளம்பியது. தந்தியை உள்ளங்கையால் அமுக்கிய பிறகும் அது நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. வளவைச் சுற்றி ஓடும் பத்தியில் தூணோரம் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மைக் செட் அண்ணன் பாய்ந்து, மிக்ஸரில் என் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இறக்கினார். அன்று இரவு முழுக்க அது அங்கேயேதான் இருந்தது. நான் வாசித்தேன், யாருக்கும் கேட்கவில்லை.

அந்தக் கிட்டாரை நான் எவ்வளவு ஆசையாக வாங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ட்ரெட்நாட் என்று சொல்வார்களே, அகலத் தோளும் ஆழமான உடலும் கொண்ட பெரிய கிட்டார். மேல்பலகை ஒரே மரத்தில் அறுத்த ஸ்ப்ரூஸ். உள்ளே அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப், பக்கவாட்டில் அந்தச் சிக்னலை ஏற்றித் திருத்தும் ப்ரீஆம்ப், எல்லாம் உண்டு. கடையில் ஏ.சி. அறையில் மெத்தை ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்து வாசித்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அந்த அதிர்வுக்குத்தான் பணம் கொடுத்தேன். மேடையில் என்னைக் கவிழ்த்ததும் அதே அதிர்வுதான் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. மேடைக்கு கிட்டார் தேடுகிறவர்கள் அந்த ஒரு வருடத்தை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது ஏன் குறிப்பாக ஜி மேஜரில் ஊளையிட்டது? கிட்டாரின் உடல் ஒரு குடம் மாதிரி. வெறும் குடத்தின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் 'பூம்' என்று நிறையும் அல்லவா, அதே கதைதான். பெரிய ட்ரெட்நாட் உடலுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அப்படி நிறைகிறது. ஆறாவது தந்தியின் மூன்றாம் கட்டையில் (ஃப்ரெட்) வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிடுகிறது. ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து வரும் அந்தச் சுரம் கிட்டாரின் மெல்லிய மேல்பலகையை அசைக்கும். அசைவைப் பிக்கப் பிடித்து மறுபடி பாக்ஸுக்கு அனுப்பும். பாக்ஸ் இன்னும் பெரிதாக்கித் திருப்பித் தரும். இந்தச் சுற்றுக்குப் பெயர்தான் ஃபீட்பேக்.

உங்கள் கிட்டாரின் 'பூம்' எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நடுத்துளை அருகே வாயைக் கொண்டுபோய், தாழ்ந்த குரலில் 'ம்ம்ம்' என்று மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே வாருங்கள். ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி முழுதும் உங்களோடு சேர்ந்து முனகும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஊளை முதலில் கிளம்புவது அங்கிருந்துதான். ஆண் குரலுக்கு இது எளிதாக வரும், எட்டாதவர்கள் கீபோர்டில் அந்தச் சுரத்தைத் தேடிக்கொள்ளலாம்.

அன்றைய பழியில் பாதி அந்த வீட்டுக்கும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் வாசித்தவர்களுக்குத் தெரியும். கீழே ஆத்தங்குடிக் கல் அல்லது இத்தாலிய மார்பிள். சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். தூண்கள் பர்மா தேக்கு. திரைச்சீலை இல்லை, தரைவிரிப்பு இல்லை, சத்தத்தை விழுங்க ஒன்றுமே இல்லை. வளவின் நடுவில் வானம் திறந்திருப்பதால் கொஞ்சம் மேலே தப்பிப் போகும். மீதியெல்லாம் நான்கு பக்கப் பத்திகளிலும் பட்டுத் தெறித்து என் கிட்டாருக்கே திரும்பி வரும். அதே வளவில் அன்று காலை நாதஸ்வரமும் தவிலும் மைக்கே இல்லாமல் வீட்டை நிறைத்துவிட்டுப் போயிருந்தன. அவை திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள். கிட்டார் அப்படி இல்லை, அது நாலு பேர் சுற்றி உட்காரும் அறைக்குப் பிறந்தது. அதை 500 பேர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும்போது, அந்த வேலைக்கென்று செய்யப்பட்டதைத்தான் கொண்டுபோக வேண்டும்.

சரி, உள்ளே இருக்கும் பிக்கப்பைப் பற்றி. கடையில் 'எலக்ட்ரோ அகூஸ்டிக்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது பீசோ. மேல்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டுதான் பிரிட்ஜ். அதன் மேல் தந்திகள் படிந்திருக்கும் வெள்ளைப் பட்டைக்கு சேடில் என்று பெயர், அதற்கு அடியில் மெல்லிய கீற்றாகக் கிடக்கும். சமையலறையில் 'டக் டக்' என்று அமுக்கி அடுப்புப் பற்றவைக்கிறோமே, அந்த லைட்டருக்குள் இருப்பதும் இதே தத்துவம்தான். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று ஜாக் க்யூரி, பியர் க்யூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். கிட்டாரில் இதைப் பரவலாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானது ஓவேஷன் என்ற கம்பெனி. ஹெலிகாப்டர் தயாரித்துக்கொண்டிருந்த சார்லஸ் காமன் 1966-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தொடங்கியது. அவர்கள் கிட்டாரின் முதுகு மரமே அல்ல, கண்ணாடி இழை கலந்து கிண்ணம் போல வளைத்தது. உடலே மெலிந்த ஏ.பி.எக்ஸ். வரிசையை யமஹா 1987-இல் இறக்கியது. ஆக, மேடைக்கு உடலை மாற்ற வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். நான்தான் மரத்தின் வாசனையில் மயங்கி அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

பீசோவுக்கு ஒரு குறை உண்டு. தந்தியை ஓங்கி அடித்தால் 'க்வாக்' என்று ஒரு பிளாஸ்டிக் சத்தம் முன்னால் வரும். ப்ரீஆம்பில் மிடிலை, அதாவது நடுத்தர ஓசையை, கொஞ்சம் குறைத்தால் பெருமளவு அடங்கும். துளையில் மாட்டும் காந்தப் பிக்கப் ஊளைக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும், ஆனால் கொஞ்சம் எலக்ட்ரிக் கிட்டார் சாயல் வந்துவிடும். நைலான் தந்திக்கு அது வேலையே செய்யாது. ஸ்டாண்டில் மைக் வைப்பதுதான் உண்மையான மர ஓசையைத் தரும். தனியாக வாசித்தால் அதையே செய்யுங்கள். பக்கத்தில் தபலாவும், வாசிப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் மானிட்டர் பாக்ஸும் இருக்கும் மேடையில் அது நடக்காத காரியம்.

என் எண்ணத்தை உண்மையில் மாற்றியவர் ஓர் ஆசாரி. ஒரு சித்திரை மாத மதியம், குன்றக்குடிப் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தபோது கிட்டாரைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டேன். மூன்று மணி நேரம், கண்ணாடி ஏற்றிய கார், உச்சி வெயில். எடுத்துப் பார்த்தால் பிரிட்ஜின் பின்விளிம்பு மேல்பலகையை விட்டு எழும்பி, இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. பசை அந்தச் சூட்டில் இளகிவிட்டது. தந்திகளின் இழுப்பு சாதாரணமானதல்ல, ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்குக் குறையாமல் இழுக்கும். அழுகையே வந்துவிட்டது.

காரைக்குடியில் பழைய வீட்டுக் கதவு நிலைகளைப் பழுது பார்க்கும் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். கிட்டார் அவர் பார்த்ததே இல்லை. ஆனால் வாங்கியதும் நேராகத் துளையின் விளிம்பைத்தான் பார்த்தார். "தம்பி, மேல்பலகை ஒத்தை மரம். ரேகை மேல இருந்து அப்படியே விளிம்புல இறங்குது பாருங்க. முதுகு ஒட்டுப் பலகை" என்றார். கடைக்காரர்கள் சொல்வதை நம்பாமல் நாமே கண்டுபிடிக்கும் வழி இது. ஒரே மரமாக இருந்தால் துளை விளிம்பில் ரேகை உடையாமல் இறங்கும். ஒட்டுப் பலகையானால் விளிம்பில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும். பிரிட்ஜை ஒட்டி, கிளாம்ப் போட்டு, இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தரும்போது இன்னொன்றும் சொன்னார்: "ஒத்தை மரம் மூச்சு விடும் தம்பி. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஒட்டுப் பலகைக்கு அந்த நோவு இல்ல. ஊர் ஊரா தூக்கிட்டு அலையிற சாமானுக்கு ஒட்டுப் பலகை மட்டமில்ல."

கிட்டார்காரர்கள் மத்தியில் ஒட்டுப் பலகை என்றால் ஒரு இளக்காரம் உண்டு. எனக்கும் இருந்தது. அறையில் வாசிக்க, ஒலிப்பதிவு செய்ய, ஒரே மரத்துக்கு ஈடில்லை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மேடையில் கேட்பது பலகையின் குரலைவிட சேடிலுக்கு அடியில் இருக்கும் பீசோவின் குரல்தான். விறைப்பான ஒட்டுப் பலகை பாக்ஸ் சத்தத்துக்கு அவ்வளவு சீக்கிரம் அதிராது, அதனால் ஊளையும் தாமதமாகத்தான் வரும். நம் ஊர்ப் பருவமும் அதற்கே சாதகம். சித்திரை, வைகாசிக் காய்ச்சலில் ஒரே மரப் பலகை சுருங்கி இறங்கும், தந்தி கட்டையில் உரசி 'கிர்' என்னும். ஐப்பசி மழையில் பலகை ஊதித் தந்தி உயரும், விரல் நோகும். முகூர்த்த மாதங்களில் ஒரே வாரத்தில் நான்கு ஊர் போகிறவன் இதற்கெல்லாம் மருந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த கிட்டார் வாங்கப் பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனேன். இந்த முறை என்னோடு எங்கள் கீபோர்டு அண்ணனும் வந்தார், என் பையில் என்னுடைய 6 மீட்டர் வயரும் இருந்தது. கடையில் முதலில் நான் கிட்டாரைக் கேட்கவில்லை. "மேடையில வைக்கிற மாதிரி ஒரு பாக்ஸும் சின்ன மிக்ஸரும் இருக்காண்ணே?" என்றுதான் கேட்டேன். அகூஸ்டிக் கிட்டாருக்கென்றே வரும் ஆம்பில் மாட்டினால் எல்லாமே இனிமையாகத்தான் கேட்கும், நம் ஊர் மைக் செட்டில் அந்த ஆம்ப் வரப்போவதில்லை. விற்பனையாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

மூன்று கிட்டார்களைப் பார்த்தோம். ஒன்று மறுபடியும் ட்ரெட்நாட், பளபளவென்று அழகாக இருந்தது. இன்னொன்று கிண்ண முதுகு. மூன்றாவது மெலிந்த உடல், ஆழம் 80 முதல் 90 மில்லிமீட்டர்தான் இருக்கும். ட்ரெட்நாட் 100-ஐத் தாண்டிப் போகும். ஒவ்வொன்றையும் நின்றுகொண்டு, ஸ்ட்ராப் மாட்டி வாசித்தேன். இது முக்கியம். மேடையில் நிற்கப் போகிறோம் என்றால் கடையிலும் நிற்க வேண்டும். கிண்ண முதுகு ஊளைக்கு அருமையாகத் தாங்கியது, ஆனால் உட்கார்ந்தால் மடியில் வழுக்கிக்கொண்டே போனது. கோயில் நிகழ்ச்சிகளில் நாங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பவர்கள், ஆகவே அது எனக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம் அண்ணன் வால்யூமை ஏற்ற ஏற்ற, நான் பாக்ஸைப் பார்த்து நின்று ஜி மேஜரை அடித்துவிட்டுத் தந்திகளை விட்டேன். எந்த அளவில் ஊளை ஆரம்பிக்கிறது என்று மிக்ஸர் குமிழைப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். மெலிந்த உடல் மற்ற இரண்டையும்விட வெகுதூரம் போனது. பிறகு ஒவ்வொரு தந்தியாகத் தனித்தனியே ஒரே அழுத்தத்தில் மீட்டினேன். எல்லாம் ஒரே அளவில் கேட்க வேண்டும். அந்த அழகான ட்ரெட்நாட்டில் இரண்டாவது தந்தி மட்டும் பாய்ந்து வந்தது, ஆறாவது தந்தி அமுங்கிக் கிடந்தது. சேடிலின் அடிப்பக்கம் சமமாக இல்லாவிட்டால் பீசோவின் மேல் அழுத்தம் சமமாக விழாது, அதனால் வருவது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து சேடிலின் அடியைத் தேய்த்துச் சமமாக்கினால் சரியாகும், பெரிய நோயில்லை. ஆனால் புதுக் கிட்டாரில் அந்த வேலையோடு ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

இன்னும் சில பார்த்தோம். வயர் செருகும் ஜாக்கை மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும், 'கர் கர்' என்றால் வேண்டாம். சுருதி சேர்க்க உதவும் ட்யூனரை அமுக்கினால் வெளியே போகும் சத்தம் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது அடங்காவிட்டால் ஒவ்வொரு பாட்டு இடைவெளியிலும் 'டொய்ங் டொய்ங்' என்று சபைக்கே கேட்கும். சிக்னலைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் பட்டன் இருந்தால் நல்லது. ஊளை வரும்போது அதை ஒரு முறை அமுக்கினால், நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சில சமயம் சட்டென்று அடங்கிவிடும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அதில் 9 வோல்ட் சதுர பேட்டரி. சில மாடல்களில் இரண்டு பென்சில் செல் போடுவார்கள், நான் இப்போது வாங்கினால் அதற்கே முன்னுரிமை தருவேன். இரவு எட்டு மணிக்கு ஒரு கிராமத்துப் பெட்டிக்கடையில் பென்சில் செல் கிடைக்கும், சதுர பேட்டரி கிடைக்காது.

பேட்டரி பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று: பெரும்பாலான கிட்டார்களில் தனி ஸ்விட்ச் கிடையாது. ஜாக்கில் வயரைச் செருகுவதுதான் ஸ்விட்ச். ஒத்திகை முடிந்து வயரைப் பிடுங்காமல் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கினால் பேட்டரி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பொங்கல் நிகழ்ச்சி ஒன்றில் எனக்கு இப்படித்தான் மூன்றாவது பாட்டில் சத்தம் கரகரத்து, உடைந்து, இறங்கியது. அன்றிலிருந்து பையில் எப்போதும் சீல் பிரிக்காத ஆல்கலைன் ஒன்று இருக்கும்.

மெலிந்த உடல் கிட்டாரைத்தான் வாங்கினேன். மடியில் வைத்து வாசித்தால் கொஞ்சம் ஒல்லியாகத்தான் பேசுகிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

கிட்டாரோடு ஒரு டி.ஐ. பாக்ஸும் வாங்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். நம் வீடுகளின் நீளம் உங்களுக்குத் தெரியும், ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்கட்டு. வளவில் நாங்கள் இருப்போம், மிக்ஸரோடு மைக் செட் அண்ணன் முகப்பில் இருப்பார். 20 மீட்டருக்கு மேல் சாதாரணக் கிட்டார் வயரை இழுத்தால், வழியில் இருக்கும் சீரியல் செட் விளக்கின் இரைச்சலையெல்லாம் அது அள்ளிக்கொண்டு போகும். டி.ஐ. பாக்ஸ் காலடியிலேயே இருந்து, சிக்னலை மைக் வயரில் போகும்படி மாற்றி அனுப்பிவிடும், இரைச்சல் ஏறாது. ஜெனரேட்டரில் ஓடும்போது 'ம்ம்ம்' என்று ஹம்மிங் வந்தால் அதிலிருக்கும் எர்த் லிஃப்ட் ஸ்விட்சைத் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் தயவுசெய்து பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, மட்டும் உடைக்காதீர்கள். ஹம்மிங் போவதற்காக அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் இரும்புத் தந்தி, உதட்டில் மைக். எங்காவது கசிவு இருந்தால் கரண்ட் அந்த வழியாகத்தான் போகும்.

மைக் செட் அண்ணனிடம் நான் இப்போது முதலிலேயே கேட்பது ஒன்றுதான்: என் சானலில் லோ கட் பட்டனை அமுக்கிவிடுங்கள். 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எனக்கு ஒன்றும் வேண்டாம், அந்த இடத்தைக் கீபோர்டின் இடது கை பார்த்துக்கொள்ளும். கூடவே நடுத்துளைக்கு ஒரு ரப்பர் மூடி. 300, 400 ரூபாய்க்குள் வரும் அந்தச் சின்ன வட்டம் பழைய ட்ரெட்நாட்டைக் கூடப் பாதி காப்பாற்றியிருக்கும். அன்று கானாடுகாத்தானில் எனக்கு அது தெரியாது.

போன தை மாதம் தேவகோட்டையில் ஒரு வீட்டு ரிசப்ஷன். அதே மாதிரி வளவு, அதே மாதிரி வழவழப்புச் சுவர். மாலை நான்கு மணிக்கே போய்விட்டோம். ஆள் இல்லாத வளவு அதிகமாக முழங்கும், உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் பட்டுப் புடவைகளும் உடம்புகளும் பாதியை வாங்கிக்கொள்ளும். அதனால் வெறும் வளவில் ஊளை வராத அளவுக்கு வைத்துவிட்டால் இரவில் பயமில்லை. பாக்ஸ்கள் எங்களுக்கு முன்னால், தூண் வரிசைக்கு வெளியே. மானிட்டர் என் கிட்டாரைப் பார்க்காமல் பக்கவாட்டில். ப்ரீஆம்பில் பேஸ் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, மிடில் இன்னும் கொஞ்சம் கீழே, ட்ரெபிள் நடுவில்.

மைக் செட்டுக்கு வந்தவர் கானாடுகாத்தானில் என் ஃபேடரை இறக்கிய அதே அண்ணன்தான். என்னைப் பார்த்ததும், "தம்பி, அந்தப் பெரிய பெட்டியா?" என்று கேட்டார். இல்லைண்ணே என்று புதுசைக் காட்டினேன். விளக்கு போட்டதும் நான் ஜி மேஜரிலேயே ஆரம்பித்தேன், தந்திகளை விட்டு நின்றேன். சுரம் எழுந்து, பத்தியைச் சுற்றி, மெதுவாக அடங்கியது. முகப்புப் பக்கமிருந்து அவர் கட்டை விரலை மேலே காட்டி, இன்னும் ஏற்றட்டுமா என்று சைகையில் கேட்டார். ஏற்றச் சொன்னேன்.